நான் திருத்திய முள்முருங்கை

பேனா நன்றாக எழுதுகிறது, ஓ.ஐ.சி. ஐயா. பொலிஸ் நிலையத்துப் பேனாவில் இவ்வளவு மை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தமிழில் எழுதத் தெரிந்த கான்ஸ்டபிள் லீவில் போயிருப்பதால், "நங்கி" என்று தங்கச்சியாகக் கூப்பிட்டு, "நீங்களே எழுதித் தாங்க" என்று சொல்லி மேசையும் கதிரையும் தந்தீர்கள். பிளேன்டீயும் வந்தது. சீனி கொஞ்சம் கூட. குறையாகச் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

பெயர் கிருஷாந்தி. வயது இருபத்தாறு. கண்டி ஹந்தானைக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், நாலாம் நம்பர் லயத்து வரிசை வீடு. அப்பா கறுப்பையா, தோட்டத்து நிழல்மரங்களுக்குக் கொப்பு வெட்டுகிறவர். அம்மா நல்லம்மா, கொழுந்து எடுக்கிறவர். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து பீ.ஏ. சிறப்புப் பட்டம் பெற்றவள். எங்கள் லயத்தில் முதல் பட்டதாரி. மேல் லயத்தையும் கீழ் லயத்தையும் சேர்த்துக்கொண்டாலும் நான்தான் முதல். கேட்காததை எழுதுகிறாள் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தகவல் பிறகு தேவைப்படும்.

நேற்று என் அப்பா உங்களிடம் வந்து, "மரத்த நான்தாங்க அப்பிடி ஆக்குனேன், என்னய உள்ள போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அது பொய். அவரைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நான் இன்றைக்கு வந்தேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

முறைப்பாடு செய்த ஓவியர் நிரஞ்சன் சேரை உங்களுக்குத் தெரியும். போன கிழமை இதே கதிரையில் இருந்து அழுதவர் அவர்தான். யாழ்ப்பாணத்தில் பிறந்து, முப்பது வருஷம் ஜேர்மனியில் இருந்து, இப்போது குண்டசாலையில் ஆற்றைப் பார்த்த மாதிரி வீடு கட்டியிருக்கிறார். அவர் வரைவது வெளிப்பாட்டுவாத ஓவியம். அது என்ன என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நாலு வருஷம் படித்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். உள்ளே இருக்கிற கொதிப்பை வெளியே நிற்கிற மரத்தின் தலையில் கட்டுவது. மரம் பச்சையாக இருக்கும். ஓவியருக்கு மனது சரியில்லை. ஆகவே மரம் ஊதா. ஓவியருக்கு வீட்டில் சண்டை என்றால் மரம் முறுகும். இந்தவகை ஓவியர்களுக்கு எப்போதும் மரம்தான் பிடிக்கும். ஆளை ஊதாவாக வரைந்தால் ஆள் கேள்வி கேட்பான். மரம் கேட்காது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு மலையில் ஒரு உதவியாளர் தேவைப்பட்டது. படித்த பிள்ளையாகவும் வேண்டும், ஈசலைத் தூக்கிக்கொண்டு மேடு ஏறவும் வேண்டும். எனக்கு இரண்டும் வரும். அவர் தோட்டம் முழுக்கச் சுற்றிவிட்டு எங்கள் லயத்துக்குப் பின்னால் நிற்கிற முள்முருங்கையின் முன்னால் நின்றார். நின்றவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பிள்ளை, இந்த மரம் கத்துது. உமக்குக் கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்டது இராஜேஸ்வரி அக்கா வீட்டு டீவி. அதைச் சொல்லவில்லை.

அந்த மரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டும். முள்முருங்கை தேயிலைக்கு நிழல் கொடுக்க வைக்கிற மரம். வெட்ட வெட்டத் தழைக்கும். எங்கள் மரம் ஒரு பக்கமாகக் கோணி நின்றதற்குக் காரணங்கள் உண்டு. கிழக்குப் பக்கக் கொப்பை அப்பா ஆட்டுக்காக வெட்டினார். நடுக்கொப்பு அம்மாவின் கொடிக்கயிற்றில் இடித்ததால் போனது. மேற்கே ஒரு கொப்பு மட்டும் அரைகுறையாக மேலே நீட்டிக்கொண்டு நின்றது. நிரஞ்சன் சேர் அதைக் காட்டி, "வானத்தைப் பாத்துக் கெஞ்சிற கை" என்றார்.

அப்பா பக்கத்தில் நின்றார். "இல்லீங்க சார், அது ராஜேஸ்வரி வீட்டு டிஷ்ஷுக்கு மறைக்குதுன்னு வெட்டுனது. சீரியல் நேரத்துல படம் புள்ளி புள்ளியா வருதுன்னு வெளக்குமாத்தத் தூக்கிட்டு வந்துருச்சு."

சேர் என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார். "உங்கட அப்பாவுக்குத் தன்ர வலியே விளங்கேல்லை, பிள்ளை."

அப்பாவுக்கு மரம் விளங்கும். எந்த மாதம் எந்தக் கொப்பை எடுத்தால் எந்தப் பக்கம் தழைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஒரு மரம் வேண்டாம் என்றால் அதை வெட்டி விழுத்தத் தேவையில்லை என்பதும் தெரியும். இடுப்பளவில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிவரப் பட்டையை உரித்துவிட்டால் போதும். மேலே போகிறதும் கீழே வருகிறதும் நின்று, மரம் நின்ற நிலையிலேயே காய்ந்துபோகும். தோட்டத்தில் பழைய மரங்களை அப்படித்தான் முடிப்பார்கள். சின்ன வயதில் நான் சோறு கொண்டுபோகும்போது பார்த்திருக்கிறேன். அதில் கத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

பத்து மாதம் சேர் அந்த மரத்தை வரைந்தார். ஒன்பது படங்கள். தொகுதிக்குப் பெயர் 'ஓலம்'. அவற்றில் ஐந்தாவதுதான் பெரியது, எல்லோரும் புகழ்ந்தது. தண்டு ஊதா, பிழிந்த துவாய் மாதிரி முறுகி இருக்கும். இலைகள் செம்மஞ்சள். வேர் இரத்தச் சிவப்பு. மூன்று கொப்புகள் மேலே பிடுங்கிக்கொண்டு போகும், ஒன்று வளைந்து வந்து மண்ணைக் கீறும். தண்டின் நடுவில் திறந்த வாய். பின்னால் வானம் பச்சை. கீழே ஒரு மூலையில் எங்கள் ஆடு, நீல நிறத்தில், மூன்று காலுடன். நாலாவது கால் ஏன் இல்லை என்று அம்மா கேட்டதற்கு, அது இழப்பு என்று சேர் சொன்னார். அம்மா அன்றைக்குப் பின்னேரம் ஆட்டின் கால்களை எண்ணிப் பார்த்ததை நான் கண்டேன்.

இந்தப் படங்களுக்கான கையேட்டுக்குப் பதினான்கு பக்கத்தில் ஒரு கட்டுரை வேண்டும் என்றார். நான் எழுதினேன். மரம் ஏன் இந்த ஓவியர்களை விடாமல் பிடித்துக்கொள்கிறது, தோட்டத்தில் மரம் என்பது யாருடைய பொருள், எங்களை வரைய வருகிறவர்கள் ஏன் எங்களையும் எங்கள் மரத்தையும் எப்போதும் கொஞ்சம் குனிய வைத்தே வரைகிறார்கள் என்றெல்லாம் எழுதினேன். நல்ல கட்டுரை. அதைவிட நல்லதை நான் இதுவரை எழுதவில்லை. கலைக் கல்லூரி ஒன்றில் உதவி விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். பிரசுரமான கட்டுரை ஒன்று கட்டாயம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சேருக்கு அது தெரியும். "உம்மட பேரிலதான் போடுவன்" என்று மூன்று தடவை சொன்னார்.

போன தை மாதம் கையேடு அச்சாகி வந்தது. கட்டுரை அப்படியே இருந்தது. ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை. எழுதியவர் நிரஞ்சன் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில் நன்றி. குண்டசாலை வீட்டுக் காவல்காரருக்கு நன்றி, படங்களுக்குச் சட்டம் போட்டவருக்கு நன்றி, அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் "என் தூரிகைகளைச் சுமந்த, பெயர் தெரியாத மலைச் சிறுமிக்கு."

கேட்டேன்.

"அது கவிதையா இருக்கட்டும் எண்டு போட்டனான், பிள்ளை. பேர் போட்டா அந்த மாயம் போயிடும்."

"கட்டுரை, சேர்?"

"அதை நீர் எழுதினதெண்டு போட்டா ஆர் வாசிக்கப்போகினம்? நான் உமக்காகத்தான் யோசிச்சனான்."

சரி சேர் என்றேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் அழுத்தமாகப் பதிய வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு கிலோ வெங்காயம் உரித்தேன். அன்றைக்கு வீட்டில் யாரும் வெங்காயம் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

ஆவணியில் கண்காட்சி. பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த கூட்டம் கண்டியில் மிச்சம் இருக்கும்போதே, குளத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில். திறப்பு நாளில் கொழும்பிலிருந்தும் வெளியிலிருந்தும் வருகிற முக்கியமானவர்களை முதலில் வேனில் ஏற்றி எங்கள் லயத்துக்குக் கூட்டி வருவது சேரின் திட்டம். "முதல் அந்தப் பச்சை மரத்தைப் பாக்கவேணும். பிறகு என்ர மரத்தைப் பாக்கவேணும். அப்பதான் நான் எவ்வளவு தூரம் போயிருக்கிறன் எண்டு விளங்கும்."

நான் அந்தத் தூரத்தைக் குறைப்பது என்று முடிவு செய்தேன்.

எனக்கு ஏழு மாதம் இருந்தது. சேர் அதற்குள் மலைக்கு வரமாட்டார் என்பதும் தெரியும். வரைந்த மரத்தை ஓவியர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய கொள்கை. அட்டை கடிக்கும் என்பதும் ஒரு காரணம்.

முதலில் கையேட்டு அட்டையில் இருந்த ஐந்தாவது படத்தின் மேல் சதுரக் கட்டம் போட்டேன். பிறகு மரத்துக்குப் பின்னால் கயிறுகள் கட்டி அதே கட்டத்தை அமைத்தேன். படத்தில் எந்தக் கட்டத்தில் கொப்பு இருக்கிறதோ அந்தக் கட்டத்தில் துளிர் விட வைத்து, மற்றதை நறுக்கினேன். மேலே போக வேண்டியதை மூங்கிலோடு கம்பியால் இறுக்கினேன். மண்ணைக் கீற வேண்டிய கொப்பில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டேன். முதலில் ஒரு செங்கல், பிறகு இரண்டு, வைகாசியில் அம்மாவின் பழைய அம்மிக்குழவி. முள்முருங்கை சொன்னபடி கேட்கிற மரம். மழை பிடித்ததும் ஒரு மாதத்தில் ஒரு முழம் என்று வளர்ந்தது.

அப்பா இஸ்தோப்புத் திண்ணையில் இருந்து பார்த்தார்.

"என்னா பாப்பா செய்ற?"

"ஆராய்ச்சி."

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு மேல் கேள்வி கிடையாது. அப்பா எழுந்து வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிடித்துக்கொண்டார். லயத்து ஆட்கள் பார்த்தது இதைத்தான். ஏணியைப் பிடித்தவர் அவர். ஏணியில் நின்றவள் நான். உங்கள் விசாரணையில் இந்த வித்தியாசத்தை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தண்டை முறுக்க முடியாது. ஆனால் முறுகின தண்டில் நிழல் எங்கே விழும் என்று தெரிந்தால், நிழலை வரைந்தால் போதும், தண்டு தானாக முறுகும். அது முதலாம் வருஷப் பாடம். வாய்க்கு மட்டும் உளி தேவைப்பட்டது. பழைய கணு ஒன்று இருந்த இடத்தில் குடைந்தேன். பால் மாதிரி ஈரம் வந்தது. அப்பா ஏணியை விட்டுவிட்டுச் சுற்றி முன்னால் வந்தார்.

"அந்த சாரு படத்துலதானே பாப்பா வளைச்சாரு" என்றார். "படத்துலதானே வாயத் தொறந்தாரு."

அப்பாவுக்குக் கோட்பாடு தெரியாது. நான் குடைந்து முடித்தேன்.

நிறங்களுக்கு டவுனில் ரஸீன் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனேன்.

"ஊதா எனாமலா? அத ஆரும் கேக்கிறல்ல தங்கச்சி. மூணு வருஷமா அப்படியே ஈக்கிது. கதவுக்கா, ஜன்னலுக்கா?"

"மரத்துக்கு, நானா."

"மரக் கதவுக்கா?"

"கதவாகாத மரத்துக்கு."

டின்னின் தூசியைத் துடைத்தார். பிறகு ஊதாவோடு ஒரு தூரிகையைச் சும்மா போட்டார். "படிச்ச புள்ளதானே. எதாச்சும் காரணம் ஈக்கும்." படிப்பை இந்த அளவு நம்புகிற ஊர் இது.

இலைகளுக்குத் தேயிலைக்கு மருந்து அடிக்கிற பம்ப். தண்ணீர் கலந்த செம்மஞ்சள். ஆடி மாதத்தில் இரண்டு தடவை அடித்து, இரண்டு தடவையும் மழை கழுவிக்கொண்டு போனது. பிறகு பசை கலந்தேன். வானம் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அதுதான் லேசு. தேயிலைக் கன்றுகளுக்கு மேலே கட்டுகிற பச்சை வலையில் ஒரு பழைய சுருள் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் கிடந்தது. இரண்டு மூங்கிலில் ஏற்றி மரத்துக்குப் பின்னால் கட்டினேன். ஆட்டுக்கு, வெள்ளைத் துணிக்குப் போடுகிற நீலம். ஆட்டுக்கு அதில் ஒரு கெடுதியும் இல்லை. மூன்று கால் விஷயத்தில் நான் எதுவும் செய்யவில்லை. நான் கொடுமைக்காரி இல்லை. பின்னங்காலில் ஒன்று கல்லுக்குப் பின்னால் மறைகிற மாதிரி புல்லுக்கட்டை வைத்தேன். அது பாட்டுக்கு நின்று தின்றது.

திறப்பு நாள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வேன் வந்தது. ஒன்பது பேர் இறங்கினார்கள். மண்டபத்தில் படங்களை முதல் நாளே பார்த்துவிட்டவர்களும் அதில் இருந்தார்கள். கையில் எல்லோருக்கும் கையேடு. சேர் முன்னால் நடந்தார். பின்பக்கமாக நடந்தார், அவர்களைப் பார்த்தபடி, மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. "நீங்கள் இப்ப பாக்கப்போறது ஒரு சாதாரண மரம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். "சாதாரணப் பச்சை மரம். ஒண்டுமே இல்லாத மரம்."

ஒன்பது பேரும் நின்றுவிட்டார்கள்.

ஆஸிகா என்று கொழும்பில் ஓவிய விமர்சனம் எழுதுகிறவர். அவர்தான் முதலில் கையேட்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தார். அட்டையைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், திரும்ப அட்டையைப் பார்த்தார்.

"சேர், ஒரு நிமிஷம். அப்படியே எடுத்திருக்கீங்களே."

சேர் திரும்பினார். அவருடைய முகத்தை நான் எழுத விரும்பவில்லை. எழுதினால் நான் அதை ரசித்ததாக நீங்கள் நினைப்பீர்கள்.

"ஆடு கூட" என்றார் பின்னால் நின்ற ஒருவர்.

"இது என்ர மரம் இல்லை" என்றார் சேர்.

அப்பா உதவி செய்ய நினைத்தார். "இல்லீங்க சார், இதே மரந்தாங்க. வேற முள்முருங்கை இந்தப் பக்கம் இல்லீங்களே."

"நான் கொறை சொல்லல்ல சேர்" என்றார் ஆஸிகா, மிகவும் மரியாதையாக. "கண்ணால கண்டத அப்படியே கொண்டு வாறதும் ஒரு தெறமைதானே. நான் இவ்வளவு நாளும் உங்கட கற்பனைன்னு நெனச்சிட்டேன். நல்ல தத்ரூபம்."

ஐயா, உங்கள் தொழிலில் அதற்குச் சமமான வார்த்தை என்ன என்று எனக்குத் தெரியாது. ஒரு வெளிப்பாட்டுவாத ஓவியரிடம் தத்ரூபம் என்று சொல்வது, ஒரு பொலிஸ்காரரிடம் உங்களைப் பார்த்தால் நல்ல மாஜிக்காரர் மாதிரி இருக்கிறீர்கள் என்று சொல்வதைப் போல.

சேர் என்னிடம் வந்தார். "பிள்ளை, நீர் சொல்லும். இந்த மரம் பச்சைதானே? நேராத்தானே நிண்டது?"

"எப்பவும் இப்பிடித்தான் சேர் இருந்துச்சு" என்றேன். "நீங்க பாத்து வரைஞ்சீங்க. நான் ப்ரஷ் கழுவிக் குடுத்தேன்."

அவர் நம்பினார். அதுதான் எனக்கே ஆச்சரியம். மரத்தடியில் ஒரு கல்லில் இருந்து, "நான் இதைப் பாத்துத்தான் வரைஞ்சனானோ" என்று தன்னையே கேட்டார். மூன்று தடவை கேட்டார். எத்தனை தடவை என்பதை நான் எண்ணியிருக்கிறேன்.

அடுத்த கிழமை விமர்சனம் வந்தது. 'மலைநாட்டு இயற்கையை உள்ளது உள்ளபடி பதியும் பொறுமைசாலி' என்று தலைப்பு. ஜேர்மனியில் நடக்க இருந்த கண்காட்சிக்காரர்கள், தாங்கள் இயற்கைக் காட்சிகளை எடுப்பதில்லை என்று கடிதம் போட்டார்கள். சேர் விடவில்லை. மரம் ஊதாவாகவும் முறுகியும் இருக்கிறது என்றால் அதை மீறுவதுதான் தன் கடமை என்று நினைத்து, அதே மரத்தை நேராகவும் பச்சையாகவும் வரைந்தார். மிகுந்த வேதனையோடு வரைந்தாராம். ஒரு கலண்டர் கம்பனி அதைப் பார்த்து, சித்திரை மாதத்துக்கு நன்றாக இருக்கும் என்று கேட்டது.

அதற்குப் பிறகுதான் அவர் தனியாக மலைக்கு வந்து, மரத்திடம் மன்னிப்புக் கேட்க அதைக் கட்டிப்பிடித்திருக்கிறார். மழையில் ஊறின எனாமல். போட்டிருந்த சேட்டின் முன்பக்கம் முழுக்க ஊதா. அதைக் காட்டித்தான் அவர் முறைப்பாடு செய்தார், அந்தச் சேட்டு இப்போது உங்கள் அலுமாரியில் இருக்கிறது. இதுவரை நடந்ததற்கு அது சாட்சி.

இனி என் அப்பாவின் விஷயம்.

கண்காட்சிக்குப் பிறகு மரத்தைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். முதலில் டவுனில் இருந்து, பிறகு கொழும்பில் இருந்து, பிறகு வெள்ளைக்காரர்கள். இது ஓவியத்தைவிடப் பெரிய வேலை என்று பேசினார்கள். யார் செய்தது என்று லயத்தில் கேட்டால், ஏணியைப் பிடித்த ஆளைக் காட்டுவார்கள். புரட்டாதியில் ஒரு வாரப் பத்திரிகை அரைப் பக்கம் எழுதியது. 'எழுத்தறியாத மலைச் சிற்பி கறுப்பையா'. அப்பா எட்டாம் வகுப்பு. அவருக்கு எழுத்துத் தெரியும். படத்தில் அப்பா, ஆடு, மரம். ஓரத்தில் ஒரு கை தெரிகிறது, துவாய் பிடித்தபடி. அது என்னுடைய கை. தோட்டத்துத் தொரை வந்து அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவை.

"ஏன்ப்பா, நான் செய்யலன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"ஒனக்குக் கெட்ட பேரு வந்துறக் கூடாதும்மா. வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியே. போலிஸு கீலிஸுன்னு வந்தா என்னோட போகட்டும்."

அப்பா நல்லவர். நிரஞ்சன் சேரும், எனக்காகத்தான் யோசித்ததாகச் சொன்னார்.

ஆகவே உங்களுக்குச் சில விஷயங்களைத் தெளிவாக எழுதுகிறேன். கறுப்பையா என்பவருக்கு அந்த மரத்தைச் செய்ய முடியாது. ஊதாவுக்குப் பக்கத்தில் செம்மஞ்சள் ஏன் துடிக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மண்ணைக் கீறுகிற கொப்பு இடது பக்கம் போனால்தான் பார்க்கிறவனின் கண் ஆட்டிடம் போகும் என்பது அவருக்குத் தெரியாது. கயிறும் ஏணியும் மட்டும் அவருடைய பங்களிப்பு. அவருக்கு நன்றி சொல்ல வேண்டுமென்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி போடலாம். அவரைக் குற்றவாளி என்று பதிவது அநியாயம். கலைஞர் என்று பதிவது அதைவிட அநியாயம்.

சந்தேகம் வந்தால் நீங்கள் மரத்தையே போய்ப் பார்க்கலாம். பத்திரிகை வந்த மறுநாள் காலை, அப்பா பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போன பிறகு, நான் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஓவியத்தில் கையெழுத்தில்லாமல் விட்டால் யாராவது வந்து தன் பெயரைப் போட்டுக்கொள்வார்கள். பெயின்ட்டால் எழுதினால் மழை கழுவும். ஆகவே அப்பாவின் கவ்வாத்துக் கத்தியால் வெட்டினேன். மேலே யாரும் பூசி மறைக்க முடியாதபடி, வெள்ளை தெரிகிற ஆழத்துக்கு.

இடுப்பளவு உயரத்தில் எழுதினேன், வாசிக்கிறவர்களுக்கு வசதியாக. கிருஷாந்தி என்ற பெயர் தண்டில் பாதி கூட வரவில்லை. மிச்சம் வெறுமையாக நின்றது. கறுப்பையா என்பதைச் சேர்த்தேன். பிறகு பீ.ஏ. என்பதைச் சேர்த்தேன். பிறகு சிறப்பு, நுண்கலை, பேராதனை. இந்தத் தகவல் தேவைப்படும் என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். கடைசி எழுத்து சுற்றிவந்து முதல் எழுத்தைச் சரியாகத் தொட்டது. அளவு எடுக்காமலே அப்படி வந்தது. அப்பாவுக்கு இது வராது.

ஆனால் எழுத்துகளுக்கு இடையில் ஊதாப் பட்டை சொரசொரவென்று நின்றதால் தூரத்தில் இருந்து வாசிக்க முடியவில்லை. பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பட்டையையும் எடுத்தேன். மேலேயும் கீழேயும் கொஞ்சம் எடுத்தேன். சுற்றிவர, ஒரே அளவாக, ஒரு சாண் அகலம். கட்டுரைக்கு ஓரம் விடுவது மாதிரி. இப்போது லயத்து மேட்டில் நின்றாலே வாசிக்கலாம்.

அப்பா மத்தியானம் வந்து பார்த்தார். வெள்ளை தெரிகிற இடத்தில் கையை வைத்தார். பெயரை ஒரு சுற்றுச் சுற்றி, வாசித்தபடி, மெதுவாக நடந்து வந்தார். பேராதனை வரைக்கும் வாசித்தார். "எழுதிட்டியே பாப்பா" என்று மட்டும் சொன்னார். பிறகு ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போய் வேறு இடத்தில் கட்டினார். நேற்றுக் காலையில் நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டு உங்களிடம் வந்தது அதற்குப் பிறகுதான். எதற்காக என்று எனக்கு விளங்கவில்லை.

இவ்வளவுதான் என் வாக்குமூலம். எல்லாவற்றையும் நான்தான், தனியாக, யோசித்துச் செய்தேன். கீழே வலது மூலையில் கையெழுத்தும் ஆண்டும் போட்டிருக்கிறேன். இதைச் சிங்களத்தில் மாற்றுகிறவர் என் பெயரைப் பிழையில்லாமல் எழுதட்டும். கோர்ட்டில் இதைச் சத்தமாக வாசிப்பார்களா என்று தெரிந்தால் நல்லது. பத்திரிகைக்காரர்கள் வருவார்கள் என்றால் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. மேலே கொப்புகள் வாடுகின்றன, செம்மஞ்சள் பூசாத இலைகளும் செம்மஞ்சளாகின்றன என்று லயத்தில் பேசிக்கொள்கிறார்கள். அதை என் கணக்கில் போட வேண்டாம். மழை பிடித்தால் தழைத்துவிடும். நான் இதை எழுதத் தொடங்கியதில் இருந்து வெளியே மழைதான் பெய்கிறது. அந்த ஓவியர் அதை ஊதாவாக்கினார், வாயைத் திறந்தார், கத்த வைத்தார். நான் அதில் என் பெயரை மட்டும்தான் எழுதினேன்.